எவ்வளவு இறுக்கினால் போதும்?

சொந்தக் காரை வீட்டிலேயே பழுது பார்ப்பவர்கள் கருவிகளைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு, முப்பது ஆண்டுகள் இன்ஜின் ஃபிட்டராக வேலை பார்த்தவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: காரின் சக்கரங்களை நானே கழற்றி மாட்டுகிறேன், ஆயில் மாற்றுகிறேன். அடுத்து ஸ்பார்க் பிளக் மாற்றவும் ஆசை. முதன்முதலாக டார்க் ரெஞ்ச் (போல்ட்டை எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று அளந்து இறுக்கும் கருவி) வாங்கப் போகிறேன். 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை அளவுள்ள ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அது ஒன்றே எல்லா வேலைக்கும் போதுமா? (ஒரு பள்ளி ஆசிரியர்)

பதில்: போதாது. வாங்குவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். காரின் பழுதுபார்ப்புக் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் தொடப்போகும் போல்ட்டுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் முறுக்குவிசையை, அதாவது எவ்வளவு பலமாக முறுக்கி இறுக்க வேண்டும் என்பதை, நியூட்டன் மீட்டரில் குறியுங்கள். சிறிய கார்களின் 12 மி.மீ. சக்கர நட்டுகளுக்குப் பெரும்பாலும் 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை கொடுத்திருப்பார்கள். ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு 25 முதல் 40 வரை இருக்கும். இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் ஏறும் 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30. அதுவே 12 மி.மீ. பிளக் என்றால் 15 முதல் 20தான். வால்வு மூடியின் 6 மி.மீ. போல்ட்டுகள் 10ஐ ஒட்டியே நின்றுவிடும். நான் சொல்வது பொதுவான அளவுதான். உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

தாளை எழுதி முடித்துப் பாருங்கள். சக்கரமும் பிரேக் பிராக்கெட்டும் 100ஐச் சுற்றி ஒரு கூட்டமாகவும், மற்ற எல்லாம் 10க்கும் 40க்கும் நடுவே இன்னொரு கூட்டமாகவும் நிற்கும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ரெஞ்ச் முதல் கூட்டத்துக்கு மிகப் பொருத்தம். இரண்டாவது கூட்டத்தை அது எட்டவே எட்டாது. பொதுவாக ஒரு டார்க் ரெஞ்ச், தன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்தான் நம்பத்தக்கது. 200 வரை போகும் ரெஞ்சில் குறைந்த அளவு 40 என்று பொறித்திருப்பது அதனால்தான். அதற்குக் கீழே திருகி வைத்து 25 என்று கற்பனை செய்துகொண்டால், வைத்த அளவு வந்துவிட்டது என்று சொல்லும் ‘கிளிக்’ சத்தம் வருவதற்குள் பிளக்கின் மரை (திருகுப் புரி) போயிருக்கும்.

ஆகவே இரண்டு வேண்டும்: அரை இஞ்ச் டிரைவில் (சாக்கெட்டை மாட்டும் சதுர முனையின் அளவு) 40–200, எட்டில் மூன்று (3/8) இஞ்ச் டிரைவில் 10–60 அல்லது அதை ஒட்டிய ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாவிட்டால் பெரியதை முதலில் வாங்குங்கள். சக்கரத்தைத்தான் நீங்கள் அடிக்கடி கழற்றுகிறீர்கள். சிறியது கைக்கு வரும்வரை பிளக்கைத் தொடாமல் இருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில ரெஞ்சுகளில் நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்திலேயே அடி-பவுண்டு அளவும் இருக்கும். ஓர் அடி-பவுண்டு என்பது 1.356 நியூட்டன் மீட்டர். 110 நியூட்டன் மீட்டர் வைக்க வேண்டிய இடத்தில் 110 அடி-பவுண்டு வைத்தால், உண்மையில் 149 நியூட்டன் மீட்டரை ஏற்றிவிடுவீர்கள். பழைய கையேடுகளில் கிலோகிராம்-மீட்டர் கணக்கு இருக்கும். அந்த எண்ணை 9.8ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் காரை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், “இத்தனை வருடம் வேலை செய்த கைக்கு அளவு தெரியும், இதற்கெல்லாம் கருவி எதற்கு?” என்கிறார். அவர் சொல்வது சரியா? (ஒரு வங்கி ஊழியர்)

பதில்: அவருடைய கையை மதிக்கிறேன். என் கையும் அப்படிப் பழகிய கைதான். அதனாலேயே இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஆயில் மாற்றிவிட்டு வடிக்கும் போல்ட்டை நீளமான ஸ்பானரால் இறுக்கினேன். ஒழுகிவிடக் கூடாது என்ற பயத்தில் இன்னும் ஒரு கால் சுற்று. இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று இலகுவாகச் சுற்றியது. அந்த உணர்வு இன்றும் என் உள்ளங்கையில் இருக்கிறது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் அலுமினிய சம்ப்பின் மரை முழுதாகப் போல்ட்டோடு வந்துவிட்டது. காரின் சொந்தக்காரர் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அன்று எனக்குப் பயிற்சி குறைவுதான். ஆனால் பயிற்சி முற்றிய பிறகும் கை ஏமாற்றும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தே தெரிந்துகொண்டேன். காலையில் நான்கு சக்கர நட்டுகளைக் கை அளவில் இறுக்கி, முள் காட்டும் ரெஞ்சால் அளந்து பார்த்தேன்: 95, 105, 100, 115. அதே நட்டுகளை மாலையில், பத்து மணி நேர வேலைக்குப் பிறகு இறுக்கியபோது ஒன்றுகூட 130க்குக் கீழே இல்லை. களைத்த கைக்குத் தன் பலத்தின் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. அதை ஈடுகட்டக் கூடுதலாக இழுக்கிறது.

கை ஏமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போல்ட் இறுகுகிறது என்றால், அது நூலிழை அளவு நீள்கிறது என்று பொருள். நீண்ட போல்ட் ரப்பர் போலத் திரும்பச் சுருங்கப் பார்க்கும். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த இழுப்புதான். நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறக்குறைய பாதி, தலைக்கு அடியில் உள்ள உராய்விலேயே செலவாகிவிடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரையின் உராய்வில் போகிறது. மிஞ்சும் 10 சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. கை உணர்வதெல்லாம் பெரும்பாலும் உராய்வைத்தான். துருவேறிய மரை, போதிய இழுப்பு வருவதற்கு முன்பே ‘இறுகிவிட்டது’ என்று கையிடம் பொய் சொல்லும்.

டார்க் ரெஞ்ச் பிறந்த இடமும் கார் பட்டறை இல்லை. 1918இல் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர், குழாய் இணைப்புகளின் போல்ட்டுகளை ஆள் ஆளுக்கு வெவ்வேறு அளவில் இறுக்குவதைத் தடுக்கவே இதை உருவாக்கினார். அங்கே வேலை செய்தவர்களும் அனுபவசாலிகள்தாம்.

கேள்வி: சக்கர போல்ட்டுகள் துருப்பிடிக்காமல் இருக்க மரையில் கொஞ்சம் ஆயில் தடவலாமா? (பெயர் குறிப்பிடாத வாசகர்)

பதில்: வேண்டாம். மேலே சொன்ன உராய்வுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஆயில் பட்டால் உராய்வு குறையும். குறைந்த பங்கு அப்படியே போல்ட்டை நீட்டப் போய்விடும். ரெஞ்ச் 110 என்றுதான் காட்டும், போல்ட்டோ அதற்கும் மிக மேலான இழுப்பில் தவித்துக்கொண்டிருக்கும். கையேடு தனியாகச் சொல்லாதவரை கொடுத்திருக்கும் அளவு உலர்ந்த மரைக்கானது. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, துணியால் துடைத்து மாட்டுங்கள்.

கேள்வி: ‘கிளிக்’ வகை ரெஞ்ச் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒரு முறை கீழே விழுந்தது. இன்னும் சரியாக அளக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? (ஒரு பொறியியல் மாணவி)

பதில்: உண்டு. உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் தன் அளவுகருவியைச் சந்தேகிப்பவர்கள் குறைவு.

ரெஞ்சின் சதுர முனையை வைஸில் (மேசையில் பொருத்திய இடுக்கியில்) பிடித்துக்கொள்ளுங்கள். கைப்பிடி தரைக்கு இணையாக, கீழே அழுத்தினால் இறுக்கும் திசையில் திரும்புமாறு இருக்க வேண்டும். 60 நியூட்டன் மீட்டர் வையுங்கள். கைப்பிடியின் நடுவில் கயிறு கட்டி ஒரு வாளியைத் தொங்கவிட்டு, மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். ‘கிளிக்’ என்றதும் நிறுத்தி, வாளியைத் தண்ணீரோடும் கயிற்றோடும் எடை போடுங்கள்.

இனி கணக்கு. சதுர முனையின் நடுவிலிருந்து கயிறு வரை 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரெஞ்சுக்கும் சொந்த எடை உண்டு, அது 1.5 கிலோவாக இருந்து, எடை மையம் 20 செ.மீ. தள்ளி இருந்தால், அதுவே ஏறக்குறைய 3 நியூட்டன் மீட்டர் கொடுத்துவிடும். மீதி 57ஐ 0.4ஆல் வகுத்தால் 142.5 நியூட்டன், அதாவது 14.5 கிலோ. ஐ.எஸ்.ஓ. 6789 தரநிலை 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் அளக்கும் இந்த வகைக்கு 4 சதவீதம் வரை பிழையை அனுமதிக்கிறது. ஆகவே 13.9க்கும் 15.1 கிலோவுக்கும் நடுவே ‘கிளிக்’ வந்தால் கவலை வேண்டாம். மூன்று முறை செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எடை வந்தால், விழுந்ததில் உள்ளே ஏதோ அடிபட்டிருக்கிறது. அளவுத் திருத்தம் செய்யும் இடத்துக்கு அனுப்புங்கள். தொழிற்கூடங்களில் 12 மாதத்துக்கு ஒரு முறை, அல்லது 5,000 முறை பயன்படுத்தியதும் அனுப்புவது வழக்கம்.

வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள், அதற்குக் கீழே போக வேண்டாம். இறுகிய நட்டைக் கழற்ற ஒருபோதும் இதைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு நீளமான பிரேக்கர் பார் இருக்கிறது. ‘கிளிக்’ வந்த பிறகு “உறுதிக்கு” இன்னொரு முறை இழுக்கவும் வேண்டாம்.

கேள்வி: 216 உருப்படிகள் கொண்ட சாக்கெட் பெட்டி வாங்கலாமா? (ஒரு டாக்சி ஓட்டுநர்)

பதில்: அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி திருப்புளி முனைகளாகவே இருக்கும். 8, 10, 12, 13, 14, 17, 19, 21 மி.மீ. சாக்கெட்டுகள், 72 பற்கள் கொண்ட ஒரு ராட்செட் (முன்னும் பின்னும் அசைத்தே ஒரு திசையில் இறுக்கும் கைப்பிடி), இரண்டு எக்ஸ்டென்ஷன் – இவற்றோடு தொடங்குங்கள். 72 பல் ராட்செட்டுக்கு 5 டிகிரி அசைவு போதும். 24 பல் உள்ளதற்கு 15 டிகிரி வேண்டும். இன்ஜினுக்குப் பின்னால் கையை நுழைத்து வேலை செய்யும்போது அந்தப் பத்து டிகிரியின் அருமை புரியும். சாக்கெட் ஆறு மூலை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு மூலை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் முனைகளை மழுக்கிவிடும். இம்பாக்ட் ரெஞ்ச் (தட்டித் தட்டி முறுக்கும் இயந்திர ரெஞ்ச்) வைத்திருந்தால், பளபளக்கும் குரோம் சாக்கெட்டை அதில் மாட்டாதீர்கள், உடைந்து தெறிக்கும். அதற்கென்று வரும் கறுப்பு சாக்கெட்டுகளை வாங்குங்கள்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் போட்டால் டார்க் அளவு மாறுமா? (ஒரு வாசகி)

பதில்: சாக்கெட்டுக்கு நேர் மேலே நிற்கும் எக்ஸ்டென்ஷனால் மாறாது. ரெஞ்சின் நீளத்தை நீட்டும்படி மாட்டும் காக்கைக்கால் துண்டால் மாறும். அதை ரெஞ்சுக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கேள்வி: ஜாக்கியில் தூக்கிய காருக்கு அடியில் செங்கற்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஆயில் மாற்றுகிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஜாக்கி ஸ்டாண்டு அவசியமா? (ஒரு கணினிப் பணியாளர்)

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். டார்க் ரெஞ்ச் வாங்கச் சேர்த்த பணம் இருந்தால் அதில் முதலில் ஸ்டாண்டு வாங்குங்கள். ரெஞ்ச் அடுத்த மாதம் வரட்டும். செங்கலும் கான்கிரீட் கல்லும் விரிசல் விட்டு முன்னறிவிப்பு தருவதில்லை, ஒரு நொடியில் நொறுங்கிவிடும். ஹைட்ராலிக் ஜாக்கியில் எண்ணெய் அடைப்பு ஒன்று தேய்ந்தாலும் கார் இறங்கிவிடும். தூக்குவதற்குத்தான் ஜாக்கி, தாங்குவதற்கு அல்ல.

சமதளமான கெட்டித் தரையில் காரை நிறுத்துங்கள். தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கையேடு காட்டும் இடத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, காரை அதன் மேல் முழுதாக இறக்குங்கள். பிறகு, அடியில் போவதற்கு முன், காரின் பக்கவாட்டில் நின்று பலமாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியில் நிற்கும்போதே விழட்டும். சக்கரத்தைக் கழற்றியிருந்தால் அதையும் காருக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். நான் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது நட்டுகளைக் கையால் ஏற்றி, டயர் தரையைத் தொடும் அளவுக்குக் காரை இறக்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே இறுக்குங்கள்: முதல் சுற்றில் பாதி அளவு, இரண்டாம் சுற்றில் முழு அளவு. 50 முதல் 100 கி.மீ. ஓட்டிய பிறகு, சக்கரம் ஆறியதும் இன்னொரு முறை ரெஞ்சை வைத்துப் பாருங்கள்.