ஓட்டுப் போட்டு வாங்கிய மருத்துவக் காப்பீடு: வாசகர் கேள்விகள்

என் அக்கா மகன் அமெரிக்காவில், ஓக்லஹோமாவில் இருக்கிறான். அங்கே ஜனங்களே ஓட்டுப் போட்டு ஏழைகளுக்கு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தார்கள் என்கிறான். அது எப்படி? நம் ஊரில் முடியாதா?
– வாசகர், காட்பாடி

அவர் சொன்னது உண்மை. அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டின் பெயர் மெடிக்கெய்ட். செலவை மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன. முன்பு குழந்தைகள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் போன்ற சில பிரிவினருக்கே அது கிடைத்தது. பிள்ளை இல்லாத, நல்ல உடல்நிலையில் உள்ள கூலிக்காரர் எவ்வளவு ஏழையானாலும் பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு இடமில்லை. 2010-ல் ஒபாமா ஆட்சியில் வந்த சட்டம், வறுமைக்கோட்டு வருமானத்தில் 138 சதவீதம் வரை உள்ள, 65 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் சேர்க்கச் சொன்னது. 2025 கணக்கில் தனி ஆளுக்கு இது ஆண்டுக்குச் சுமார் 21,600 டாலர்.

2012 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், இதில் மாநிலங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பல மாநிலங்கள் ஒதுங்கிக்கொண்டன. அதனால் ஒரு கொடுமை நேர்ந்தது. வறுமைக்கோட்டுக்கு மேலே இருப்பவர் தனியார் காப்பீடு வாங்க மத்திய அரசு மானியம் தந்தது. கோட்டுக்குக் கீழே இருப்பவரை மெடிக்கெய்ட் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில், அவருக்கு மானியம் எழுதப்படவே இல்லை. ஒதுங்கிய மாநிலங்களில் அவருக்கு இரண்டும் கிடைக்காமல் போயிற்று.

இங்கேதான் வாக்கெடுப்பு உதவிற்று. சில மாநிலங்களில் போதுமான வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டால், சட்டமன்றத்தைத் தாண்டி ஒரு கேள்வியை நேரே வாக்குச்சீட்டில் ஏற்றலாம். மெய்ன் மாநிலம் 2017-ல் தொடங்கிவைத்தது. 2018-ல் ஐடஹோ, நெப்ராஸ்கா, யூட்டா, 2020-ல் ஓக்லஹோமா, மிசௌரி, 2022-ல் தெற்கு டகோட்டா என ஏழு மாநிலங்கள் இந்த வழியில் வந்தன. ஓக்லஹோமாவில் ஜெயித்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்.

ஜெயித்ததும் அட்டை கைக்கு வந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். மெய்னில் அப்போதைய கவர்னர் நிறைவேற்ற மறுத்தார். 2019 ஜனவரியில் அடுத்த கவர்னர் வந்த பிறகே நடந்தது. யூட்டாவில் சட்டமன்றம் 138 சதவீதத்தை 100 ஆகக் குறைத்தது. முழு அளவு 2020-ல்தான் கிடைத்தது. மக்கள் நிறைவேற்றியது சாதாரணச் சட்டமென்றால் சட்டமன்றம் அதை மறுநாளே திருத்தலாம். இதைப் பார்த்துத்தான் ஓக்லஹோமா, மிசௌரி, தெற்கு டகோட்டா மூன்றும் மாநில அரசியல் சட்டத்திலேயே திருத்தம் கேட்டு வாக்கெடுப்பு நடத்தின. அப்படியும் மிசௌரி சட்டமன்றம் பணம் ஒதுக்காமல் இழுத்தடித்தது. 2021 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. மொன்டானாவில் 2018-ல் இந்தத் திட்டத்தைப் புகையிலை வரியோடு சேர்த்து ஓட்டுக்கு விட்டார்கள். புகையிலைக் கம்பெனிகள் பணத்தைக் கொட்டி எதிர்த்தன, தீர்மானம் தோற்றது. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே தருகிறது, மாநிலத்தின் பங்கு 10 தான். அந்தப் பத்துக்குத்தான் இத்தனை சண்டை.

நம் அரசியல் சட்டத்தில் இப்படி மாநில அளவில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுச் சட்டம் கொண்டுவர வழியில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு அரசாணையால் முடிவாகிறது. 2012-ல் திட்டம் தொடங்கியபோது ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்த வரம்பு, 2022 ஜனவரியில் 1,20,000 ஆயிற்று. நாளொன்றுக்கு 400 ரூபாய் வீதம் 300 நாள் வேலை செய்தாலே அந்தத் தொகை வந்துவிடும். ஒரு சித்தாள் குடும்பம்கூட உண்மைக் கணக்குச் சொன்னால் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. வரம்பை உயர்த்தக் கேட்பது நியாயம் என்பதே எங்கள் கருத்து. அதைச் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். கிராம சபை வரம்பை மாற்றாது. ஆனால் ஊரில் அட்டை இல்லாதவர்களின் பட்டியலை இணைத்து, பதிவு முகாம் கேட்டுத் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்பலாம். கூட்டம் நடக்கும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

அம்மா பீடி சுற்றுகிறார்கள். அண்ணனுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆயிற்று. காப்பீட்டு அட்டை எடுக்க எங்கே போக வேண்டும்? அண்ணிக்கும் சேர்த்து வருமா?
– வாசகி, குடியாத்தம்

குடியாத்தம் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போங்கள். (2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, அரக்கோணம்காரர்கள் இராணிப்பேட்டைக்கும் போக வேண்டும்.)

ரேஷன் கார்டு, கார்டில் பெயருள்ள எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று ஆகிய மூன்றும் வேண்டும். வருமானச் சான்றுக்கு முதலில் உங்கள் வி.ஏ.ஓ.வைப் பாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 60 ரூபாய். கையில் வாங்கியதும் தொகை, பெயர், தலைப்பெழுத்து மூன்றையும் அங்கேயே படித்துப் பாருங்கள்.

தாமதம் பெரும்பாலும் ரேஷன் கார்டால்தான் வருகிறது. பதிவு அதை வைத்துத்தான் நடக்கிறது. அண்ணியின் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருந்தால் உங்கள் அட்டையில் வராது. அங்கே பெயர் நீக்கி, இங்கே சேர்த்த பிறகு மையத்துக்குப் போங்கள். கார்டில் ‘எஸ். லட்சுமி’, ஆதாரில் ‘லக்ஷ்மி சுப்பிரமணி’ என்று இருந்தாலும் சிக்கல்தான். ஒன்றை முன்கூட்டியே திருத்திவிடுங்கள். உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: பிள்ளைகள் வேலைக்குப் போகும்வரை, அல்லது திருமணம் ஆகும்வரை, அல்லது 25 வயது வரை, எது முந்தியோ அதுவரைதான் பெற்றோர் அட்டையில் இருப்பார்கள். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால், அவரும் அண்ணியும் அம்மாவின் அட்டையிலேயே வருவார்களா, தனி அட்டை எடுக்க வேண்டுமா என்று மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டைக்குக் காசில்லை. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. புரோக்கர் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஷூ கம்பெனியில் மாதம் 13,500 சம்பளம். ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அதை விட்டுவிட்டு முதலமைச்சர் அட்டை வாங்கினால் என்ன?
– வாசகர், ஆம்பூர்

விடாதீர்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாயம்; வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கும் உரிமையில்லை, கம்பெனிக்கும் இல்லை. உங்கள் ஆண்டு வருமானம் 1,62,000 என்பதால் முதலமைச்சர் திட்ட வரம்பையும் தாண்டுகிறீர்கள்.

உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது மாதம் 102 ரூபாய். கம்பெனி போடுவது 3.25 சதவீதம், 439 ரூபாய். இதற்குக் குடும்பம் முழுவதற்கும் புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் உண்டு. மருத்துவச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு இருந்தால், நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு 70 சதவீதச் சம்பளம், ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். செப்டம்பரிலும் மார்ச்சிலும் உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டு ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் பங்களிப்பு நாட்களைப் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து அங்கே நாள் ஏறவில்லை என்றால் உடனே ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு தெரிந்தால் அலைச்சல்தான் மிச்சம்.

அப்பாவுக்குத் தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் ஆகிப் பணமும் கட்டிவிட்டோம். அட்டை இருக்கிறது. பில்லைக் காட்டிப் பணம் வாங்கலாமா?
– வாசகர், ஆற்காடு

முடியாது. இந்தத் திட்டம் மருத்துவமனைக்குத்தான் பணம் தரும், நோயாளிக்குத் தராது. அதுவும் சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இனிமேல் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் அட்டையைக் கொடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா? இந்தச் சிகிச்சைக்கு இங்கே அனுமதி உண்டா? இதய சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட மருத்துவமனை எலும்பு முறிவுக்குச் சேராமல் இருக்கலாம். திட்ட உதவி எண் 1800 425 3993-லும் கேட்கலாம். அனுமதி கிடைத்த பிறகும் தனியாகப் பணம் கேட்டால் ரசீது வாங்கி, அதோடு ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். வேலூர்ப் பக்கத்தில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்த அட்டையில் சிகிச்சை பெறலாம்.

சர்க்கரை, பி.பி. மாத்திரைக்கு இந்த அட்டை உதவுமா?
– வாசகி, பேரணாம்பட்டு

உதவாது. பட்டியலில் உள்ள ஆபரேஷன், உள்நோயாளி சிகிச்சை, சில பரிசோதனைகளுக்குத்தான் அட்டை. மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். நடக்க முடியாதவர் என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுங்கள், வீட்டுக்கே வரும்.

பெங்களூர் ஹைவேயில் அடிபட்டவரை எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போவது? அட்டை இல்லாவிட்டால்?
– வாசகர், பள்ளிகொண்டா

108-ஐக் கூப்பிடுங்கள். ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அட்டையோ வருமானச் சான்றோ கேட்க மாட்டார்கள், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. 48 மணி நேரத்துக்குப் பிறகு அட்டை உள்ளவருக்கு முதலமைச்சர் திட்டத்தில் சிகிச்சை தொடரும். இல்லாதவர் அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும், அல்லது செலவைத் தாமே ஏற்க வேண்டும். அதனால் வீட்டில் அட்டை இருந்தால் முதல் நாளே கொண்டுபோய் அங்கே பதிவு செய்துவிடுங்கள்.