காந்தம் சொல்வதும் சொல்லாததும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு, மெல்லிய ஸ்ரெயின்லெஸ் தகட்டை வாங்கி வீட்டிலேயே வெட்டி வளைக்க முயல்பவர்களுடையவை. ஒருவருக்குச் சொல்வது மற்றவருக்கும் பயன்படும் என்பதால் நான்கையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: குசினியில் விறகடுப்புக்குப் பின்னாலுள்ள சுவரையும் பக்கத்திலிருக்கும் பலகை மேசையையும் தகட்டால் மூட விரும்புகிறேன். கடையில் 24 கேஜ் தடிப்புள்ள தகடொன்றைக் காட்டி, காந்தம் ஒட்டாதபடியால் இது அசல் 304 என்றார்கள். நம்பி வாங்கலாமா? – வாசகி, விசுவமடு

பதில்: காந்தச் சோதனை பயனுள்ளதுதான், அம்மா. ஆனால் அது எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 304 என்பது ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த உருக்கு. காந்தம் அதில் ஒட்டாது, அல்லது வளைத்த மூலைகளில் மட்டும் மெல்லப் பற்றும். 430 என்ற வகையில் நிக்கல் இல்லை, காந்தம் உறுதியாக ஒட்டும். இவ்விரண்டையும் பிரித்தறியக் காந்தம் போதும். சிக்கல் 201 என்ற மூன்றாவது வகையில் இருக்கிறது. விலை கூடிய நிக்கலைக் குறைத்து, அதன் இடத்தில் மங்கனீசைச் சேர்த்துச் செய்யப்படும் அந்தத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது; பார்வைக்கும் 304 போலவே மினுங்கும்; ஆனால் ஈரமும் உப்பும் படும் இடத்தில் விரைவாகவே பழுப்புப் புள்ளி காட்டும். ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் 304 இன் விலையைக் கொடுத்துவிடாதீர்கள். தகட்டின் மேலுள்ள பாதுகாப்புப் படலத்திலோ விளிம்பிலோ வகை எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பற்றுச்சீட்டில் அந்த எண்ணை எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

கேஜ் கணக்கையும் விட்டுவிடுங்கள். பிரித்தானிய அளவுமுறையில் 24 கேஜ் என்பது 0.56 மில்லிமீற்றர், அமெரிக்க முறையில் அதே எண் 0.6ஐத் தாண்டிவிடும். எப்போதும் மில்லிமீற்றரில் கேளுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் பயன்படுத்தும் திருகுக்கணிச்சி கிடைத்தால் ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம். அது இல்லாவிட்டால் நெல் நிறுக்கும் தராசு உதவும்: 8 அடிக்கு 4 அடி முழுத்தகடு ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் ஏறத்தாழ இருபத்துமூன்றரைக் கிலோ நிற்கும், 19 கிலோ நின்றால் உங்களுக்குத் தரப்படுவது 0.8 தகடு.

இனி உங்கள் தேவைக்கு வருவோம். அடுப்பின் பின்சுவருக்கு 304 வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். அங்கு தகடு எதிர்கொள்வது வெப்பத்தையும் புகையையும். உப்பு நீர் தேங்குவதில்லை. 0.6 மில்லிமீற்றர் 430 தகடு விலையும் குறைவு, சூட்டில் விரிவதும் குறைவு. ஒரு மீற்றர் நீளமான தகட்டின் வெப்பநிலை 100 பாகை உயர்ந்தால் 304 ஏறக்குறைய 1.7 மில்லிமீற்றர் விரியும். 430 ஒரு மில்லிமீற்றரளவில் நின்றுவிடும். அந்த விரிவுக்கு இடம் விடாமல் நான்கு மூலையையும் இறுக்கி ஆணியடித்தால் தகடு வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். எனவே ஒரு பக்கத்துத் துளைகளை நீள்துளைகளாக வெட்டுங்கள். சுவருக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். அடுப்பின் பின்னால் பலகையை அடியாகக் கொடுக்க வேண்டாம்.

மேசைக்கு நிலைமை வேறு. புளி, தேசிக்காய், மீன் கழுவிய நீர் எல்லாம் அதன்மேல் கிடக்கும். அதற்கு 304, ஒரு மில்லிமீற்றர் தடிப்பு, கீழே சமமான பலகை. வெறுமையாக விட்ட மெல்லிய தகடு கை வைக்கும்போதெல்லாம் குழிந்து எழும்பிச் சத்தம் போடும். பலகையில் முழுப்பரப்பும் ஒட்டினால் அந்தத் தொல்லை இல்லை. விளிம்பைக் கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள். வெட்டிய விளிம்பு கத்தியைப் போன்றது; பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் அதை அரத்தால் மழுக்காமல் ஒரு நாளும் விட்டுவைக்கக் கூடாது.

கேள்வி: கருவாட்டுக்கு மீனை உப்பிட்டு வைக்கத் தட்டுகள் செய்ய வேண்டும். 304 வாங்கினால் துருப்பிடிக்காதுதானே? – வாசகர், முல்லைத்தீவு

பதில்: பிடிக்கும். இந்த உருக்கைக் காப்பது அதன் மேற்பரப்பில் காற்றுப்பட்டுத் தானாக உருவாகும் மிக மெல்லிய குரோமிய ஒட்சைட்டுப் படலம். கீறல் விழுந்தாலும் அது மீண்டும் வளரும். ஆனால் உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை ஊசிமுனையளவு இடங்களில் துளைத்து உள்ளே இறங்கும். செறிந்த உப்புநீர் நாட்கணக்கில் தேங்கும் தட்டுக்கு, 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்த 316 கூட முழுப் பாதுகாப்பு அல்ல. உப்பிடுவதற்கு உணவுக்குரிய பிளாஸ்ரிக் தொட்டியே பொருத்தம் என்று நேராகச் சொல்கிறேன். உங்கள் பணத்தை மீன் வெட்டும் மேசைக்கு 316 வாங்கச் செலவிடுங்கள். அந்த மேசையின் விளிம்பை இறுக்கமாக மடித்துத் தட்டிவிடாதீர்கள், மடிப்புக்குள் புகும் உப்புநீர் வெளியேறாமல் உள்ளிருந்தே அரிக்கும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நல்ல நீரால் கழுவித் துடையுங்கள். குளோரின் கலந்த வெளுக்கும் திரவத்தால் கழுவுவது உப்பை விட்டுவைப்பதற்குச் சமம்.

கேள்வி: ஒரு மில்லிமீற்றர் தகட்டில் 5 மில்லிமீற்றர் துளை போட முயன்றேன். புதிய ட்ரில் பிற் மூன்று கருகிவிட்டன. தகட்டில் பளபளப்பான குழி மட்டுமே விழுந்திருக்கிறது. தகடு அவ்வளவு கடினமானதா? – வாசகர், மாங்குளம்

பதில்: வாங்கும்போது அது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை, துளைக்கும் முறைதான் அந்த இடத்தைக் கடினமாக்கியிருக்கிறது. 304 உருக்குக்கு ஒரு குணம் உண்டு: அழுத்தியோ உரசியோ உருமாற்றினால் அந்த இடம் இறுகிவிடும். வேகமாகச் சுழலும் அலகைப் பயந்து பயந்து மெதுவாக அழுத்தும்போது அது வெட்டாமல் உரசுகிறது. உரசிய இடம் இறுகுகிறது. இறுகியதை வெட்ட முடியாமல் மேலும் உரசுகிறது. இந்த உருக்கு வெப்பத்தைக் கடத்துவது சாதாரண இரும்பின் மூன்றிலொரு பங்களவுதான் என்பதால், பிறக்கும் சூடு தகட்டில் பரவாமல் அலகின் முனையிலேயே தங்கி அதைக் கருக்கிவிடுகிறது.

ஆகவே வழக்கத்துக்கு மாறாகச் செய்யுங்கள். வேகத்தைக் குறையுங்கள், 5 மில்லிமீற்றர் துளைக்கு நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குள் நிற்கட்டும். அழுத்தத்தைக் கூட்டுங்கள், சுருள் சீவல் தொடர்ந்து வெளிவர வேண்டும், தூளாக வந்தால் அலகு உரசுகிறது என்று பொருள். கோபால்ற் கலந்த கூரிய பிற் வாங்குங்கள். வெட்டெண்ணெய் விடுங்கள், கிடைக்காவிட்டால் தேங்காய் எண்ணெயும் வெறுமையாகத் துளைப்பதைவிட எவ்வளவோ மேல். மையக் குறியை மெல்லத் தட்டுங்கள், ஓங்கி அடித்தால் அந்த அடியே இடத்தை இறுக்கிவிடும். ஏற்கெனவே பளபளத்துப்போன குழியை விட்டுவிட்டு, தகட்டைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அது வழிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அலகு மறுபக்கம் வெளிப்படும் கணத்தில் மெல்லிய தகட்டைக் கொத்திப் பிடித்துச் சுழற்றும். கையால் பிடித்திருந்தால் விரலை அறுத்துவிடும். நான் தொழில் பழகிய பட்டறையில் என்னுடன் இருந்த இளைஞனின் உள்ளங்கை அப்படித்தான் கிழிந்தது. தகட்டை இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து இறுக்கிப் பிணைத்த பின்பே துளையுங்கள். அப்போது துளையின் விளிம்பும் பிசிறின்றி வரும். தகட்டைத் தூக்கும்போது தோல் கையுறை அவசியம். துளைக்கும்போது தளர்ந்த கையுறை ஆபத்து. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் வேண்டும்.

கேள்வி: புதிய 304 தகட்டில் நான் செய்த பால் வாளி மூடி, ஒரு மழையோடு முழுவதும் செம்புள்ளியாகிவிட்டது. பக்கத்தில் கதவு செய்யும் பட்டறை இருக்கிறது. ஏமாற்றப்பட்டேனா? – வாசகர், வவுனியா

பதில்: கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் அந்தப் பட்டறையைப் பாருங்கள். இரும்பைக் கிறைண்டரால் அறுக்கும்போது பறக்கும் தீப்பொறி ஒவ்வொன்றும் சூடான இரும்புத் துகள். அது உங்கள் மூடியில் ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் துருப்பிடிக்கிறது. இரும்பு அறுத்த வட்டத்தாலேயே இத்தகட்டை அறுப்பதாலும், சாதாரண இரும்புக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதாலும் இதே விளைவுதான் வரும். ஸ்ரெயின்லெஸ் வேலைக்கென்று அறுக்கும் வட்டம், அரம், தூரிகை மூன்றையும் தனியாக ஒரு பெட்டியில் வையுங்கள். பிடித்த புள்ளிகளை நீக்க, ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் 100 கிராம் சித்திரிக் அமிலத் தூளைக் கரைத்து, துணியில் நனைத்து அரை மணி நேரம் போர்த்தி, நைலோன் தூரிகையால் தேய்த்து, நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். தேசிக்காயும் உப்பும் சேர்த்துத் தேய்க்கும் பழக்கம் பித்தளைக்கு ஆகும். இங்கே அந்த உப்பு கேடு செய்யும்.

மூடியின் கைபிடியைப் பொருத்துவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். 0.6 மில்லிமீற்றர் தகட்டில் வெல்டிங் பிடித்தால் அது சுருண்டு நெளியும், கை தேர்ந்தவருக்கே கடினம். ஸ்ரெயின்லெஸ் றிவெற் இரண்டு போதும். அலுமினிய றிவெற்றைத் தவிருங்கள். இரு உலோகங்களும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும்போது அலுமினியமே முதலில் கரைந்து, கைபிடி ஆடத் தொடங்கும்.