பீட்டிலுக்கு எந்த சைலென்சர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எங்கிட்ட 1969 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் இருக்கு, 1600 இன்ஜின், ஒத்த கார்புரேட்டர் தான், வேற எதுலயும் கை வைக்கல. சைலென்சர் துரு பிடிச்சு ஓட்டையாயிடுச்சு. நாலு பைப்பும் ஒண்ணா சேர்ற ஹெட்டர் போட்டா பவர் கூடும்னு பசங்க ஏத்தி விடறாங்க, போடலாமா? – ஒரு வாசகர், கோவை

பதில்: சத்தத்த பவர்னு நெனச்சு பேசறாங்க தம்பி. ஹெட்டர் சும்மா இல்ல தான், நாலு பைப்பும் ஒரே நீளமா இருந்தா ஒரு சிலிண்டர் புகை வெளிய பாயற வேகத்துல அடுத்த சிலிண்டர் புகையும் இழுபட்டு வரும், ஆனா அந்த இழுப்பு ஹை ஆர்பிஎம்ல, அதுவும் பெரிய கேம் (வால்வ தொறந்து மூட வைக்கற ஷாப்ட்), ரெட்டை கார்புரேட்டர்னு இன்ஜினையே மாத்தினவங்களுக்குத்தான் கைக்கு தெரியும். உங்க வண்டிக்கு கம்பெனி மாதிரியே ரெட்டை வால் வச்ச சைலென்சர் போதும், கொஞ்சம் கனமான தகடா பாத்து வாங்குங்க.

ஆசை விடலைன்னா போடுங்க, ஆனா 35 மில்லிமீட்டர் பைப்புக்கு மேல போகாதீங்க, 41னு பெருசா போட்டா சிக்னல்ல இருந்து கெளம்பறப்போ இழுவையே இருக்காது. கார்புரேட்டர்ல இருந்து இன்ஜினுக்கு பெட்ரோல் கலவை போற இன்டேக் மேனிபோல்டுக்கு கீழ ஒரு சின்ன பைப் ஓடும் பாருங்க, அதுல சூடான புகை போய்த்தான் பெட்ரோல் ஒழுங்கா ஆவியாகுது, அதுக்கு கனெக்ஷன் இல்லாத ஹெட்டர சீப்பா குடுத்தாலும் வாங்காதீங்க, ஊட்டி குளிர்ல காலைல வண்டி திக்கித் திக்கி தான் போகும். ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டுமான்னும் பாத்துக்கோங்க.

இன்னொன்னு, இதத்தான் முக்காவாசி பேர் கோட்ட விடறாங்க. கோவைல ஹீட்டர் எதுக்குன்னு எக்ஸாஸ்ட் பைப்ப சுத்தி இருக்கற ஹீட்டர் பாக்ஸ கழட்டிட்டு வெறும் பைப் போட்டுடுவாங்க, சரி, ஆனா பேன் ஹவுசிங்ல, அதான் இன்ஜின் பேன மூடியிருக்கற கூடுல இருந்து ஹீட்டருக்கு காத்து போற ரெண்டு வாயையும் அடைக்க மாட்டாங்க. இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டரே கிடையாது, காத்தும் ஆயிலும் தான் எல்லாம், ஹெட்டுக்கு (சிலிண்டர் மேல மூடற பாகம்) போக வேண்டிய காத்து அந்த ஓட்டை வழியா வீணா போனா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா. ஹெட்டர் போட்டதும் கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவ முடிவு பண்ற சின்ன துளை, அந்த மெயின் ஜெட்டையும் செக் பண்ணுங்க, பெட்ரோல் கம்மியா போனா ஹெட் இன்னும் சூடாகும், எக்ஸாஸ்ட் வால்வு தான் முதல்ல போகும்.

கழட்டறப்போ நட்டு மேல முந்தின நாள் ராத்திரியே ஆயில் விட்டு ஊற வைங்க, ஹெட்ல நட்டு மாட்டற ஸ்டட் உடைஞ்சா சைலென்சர் செலவ விட லேத் செலவு ஜாஸ்தி.

கேள்வி: எங்க பீட்டில்ல ஹீட்டர் போட்டா கொஞ்ச நேரத்துல தலை வலிக்குது, வயசான வண்டி வாசனைன்னு மெக்கானிக் சொல்றார். சரியா? – ஒரு வாசகி, குன்னூர்

பதில்: சரியே இல்ல மேடம், இன்னைக்கே ஹீட்டர நிறுத்துங்க. ஹீட்டர் பாக்ஸ் உள்ள எக்ஸாஸ்ட் பைப் துருப்பிடிச்சு ஓட்டையானா புகை நேரா உள்ள வரும், அதுல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளையே கொன்னுடும். ஹீட்டர் ஹோஸ கழட்டி உள்ள கரி ஒட்டியிருக்கான்னு பாக்க சொல்லுங்க. கரி இருந்தா வெல்டிங் ஒட்டு வேலைக்கு ஒத்துக்காதீங்க, பாக்ஸையே மாத்திடுங்க, கேஸ்கெட்டும் புதுசு போட சொல்லுங்க.