இராணுவச் செலவு பொருளாதாரத்தை வளர்க்குமா?

இரண்டாம் உலகப் போர்தானே அமெரிக்காவை 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தத்திலிருந்து மீட்டது, அப்படியானால் இராணுவத்துக்குச் செலவிடுவது வளர்ச்சிக்கு நல்லதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. 1940-இல் ஏறத்தாழ 14.6 சதவீதமாக இருந்த அமெரிக்க வேலையின்மை, 1944-இல் 1.2 சதவீதமாகச் சரிந்தது. ஆனால் ஆலைகளும் ஆட்களும் சும்மா கிடந்த நேரத்தில் அரசு கடன் வாங்கிப் பெருமளவில் கொள்முதல் செய்ததே அதற்குக் காரணம். வாங்கிய பொருள் பீரங்கியாக இருந்தது காரணமல்ல. (அணைகளுக்கும் சாலைகளுக்கும் அத்தனை பெரிய தொகையை ஒதுக்க நாடாளுமன்றம் இசைந்திருக்குமா என்பது வேறு கேள்வி.)

அதற்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். மிச்சிகனில் இருந்த ஃபோர்டு நிறுவனத்தின் வில்லோ ரன் ஆலை 1944-இல் மணிக்கு ஒரு பி-24 குண்டுவீச்சு விமானத்தை உருவாக்கிய அதே வேளையில், பொதுமக்களுக்கான கார் உற்பத்தி 1942 பிப்ரவரியிலிருந்தே நின்றுபோய், சர்க்கரையும் பெட்ரோலும் பங்கீட்டு முறையில்தான் கிடைத்தன. மொத்த உற்பத்திக் கணக்கில் குண்டுவீச்சு விமானமும் டிராக்டரும் ஒன்றுபோலவே கூட்டப்படுகின்றன. அடுத்த ஆண்டு உழுது விளைவிப்பது டிராக்டர் மட்டுமே.

வளரும் நாடுகளைப் பொறுத்தவரை, 44 நாடுகளின் 1950–65 காலத் தரவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் எமில் பெனாய்ட், பாதுகாப்புச் செலவு அதிகமாக இருந்த நாடுகளே பொதுவாக வேகமாக வளர்ந்தன என்று 1973-இல் எழுதினார். அந்நாடுகளில் பலவற்றுக்கு வெளிநாட்டு உதவியும் தாராளமாக வந்துகொண்டிருந்ததால், வளர்ச்சிக்கு எது காரணம் என்று பிரித்தறிவது கடினம் என விமர்சகர்கள் மறுத்தனர். எனக்கும் அந்த மறுப்பே வலுவானதாகப் படுகிறது.