எந்தப் பல்லுக்கு எந்தக் கேப்?

கேள்வி: எனக்கு வயது 46. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை முடிந்துவிட்டது. அடுத்து கேப் போட வேண்டும் என்று சொல்லி, மெட்டல், செராமிக், ஜிர்கோனியா என மூன்று மாதிரிகளைக் காட்டி, எது வேண்டும் என்று என்னையே கேட்கிறார்கள். இருப்பதில் உசத்தியானதையே போட்டுக்கொள்ளலாமா? தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: நீங்கள் போகிறபோக்கில் கடைசி வரியாக எழுதியிருப்பதைத்தான் நான் முதல் வரியாக எடுத்துக்கொள்கிறேன். இரவில் பல்லைக் கடிப்பவரின் கடைவாயில் எது உடையாமல் நிற்கும் என்பதே இங்கே கேள்வி; எது உசத்தி என்பது அதற்குப் பிறகுதான்.

சொத்தையைச் சுரண்டி, வேர்க்குழாய்களுக்கு வழி திறந்தபின், பல்லின் நடுப்பகுதி குழிந்து சுற்றுச்சுவர்கள் மட்டும் மெல்லியதாக நிற்கும். மெல்லும்போது விழும் அழுத்தம் அந்தச் சுவர்களை இருபுறமும் விரிக்கப் பார்க்கும். விரிசல் வேர்வரை இறங்கிவிட்டால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. வண்டிச் சக்கரத்தின் மரத்தை இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிப்பதுபோல, கேப் இந்தச் சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. அந்தப் பிடி கிடைக்க, ஈறுக்கு மேல் சுற்றிலும் ஏறத்தாழ 2 மி.மீ. உயரத்துக்காவது நல்ல பல் மிஞ்சியிருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் எந்த உசத்தியான கேப்பும் நாளடைவில் கழன்றுவிடும், அல்லது பல்லோடு முறிந்து கையில் வந்துவிடும். ஆகவே, மாதிரிகளைப் பார்ப்பதற்கு முன் உங்கள் பல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று மருத்துவரைக் கேளுங்கள்.

இனி அந்த மூன்றுக்கும் வருவோம். முழு உலோகக் கேப் உடையாது. மெல்லியதாக வார்க்கலாம் என்பதால் பல்லைக் குறைவாகச் சீவினாலே போதும். பல் குட்டையாக உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி. நிறம் ஒன்றுதான் குறை. ஆனால் சில கலவைகளில் நிக்கல் இருப்பதால், காதணியோ கைக்கடிகாரமோ பட்டுத் தோல் அரிக்கும் வழக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

'செராமிக்' என்று காட்டப்படுவது பல நேரங்களில் உள்ளே உலோகமும் மேலே பீங்கான் பூச்சும் கொண்டது. 1960-களிலிருந்து உலகெங்கும் புழக்கத்தில் உள்ள, குறை சொல்ல முடியாத வகைதான். ஆயினும் உலோகம், பூச்சு இரண்டுக்கும் இடம் வேண்டியிருப்பதால் கடிபரப்பில் 1.5 முதல் 2 மி.மீ. வரை சீவ வேண்டியிருக்கும். பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பூச்சு சில்லு சில்லாகப் பெயர்வதும் உண்டு. உங்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

ஜிர்கோனியா என்பது வெள்ளை நிறத்தில் உள்ள, கெட்டியான ஒருவகைப் பீங்கான்; ஆனால் அது ஒரே பொருளல்ல. குழப்பமே இங்குதான் தொடங்குகிறது. வளைத்து முறிக்கும் சோதனையில் பீங்கான் பூச்சு 100 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவிலேயே முறிந்துவிட, வலுவான ஜிர்கோனியா 900-ஐத் தாண்டியும் தாங்குகிறது. ஆனால் பார்வைக்கு இயற்கைப் பல்போல ஒளி ஊடுருவ வேண்டும் என்று தயாரிக்கப்படும் ஜிர்கோனியாவில் இந்த வலு கணிசமாகக் குறைகிறது; ஜிர்கோனியாவின் மேல் பீங்கான் பூசினாலோ, அந்தப் பூச்சு பழையபடி பெயரக்கூடும். ஆகவே 'ஜிர்கோனியா' என்று மட்டும் சொல்லாமல், பூச்சு இல்லாத, ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்த வலுவான வகை என்று கேட்டு வாங்குங்கள். வாரன்ட்டி அட்டையில் அச்சிட்டிருக்கும் ஆண்டுக்கணக்கு கேப்புக்குத்தான். அடியில் இருக்கும் பல்லுக்கு யாரும் வாரன்ட்டி தருவதில்லை.

என் தேர்வு இந்த வகை ஜிர்கோனியா. நிறத்தைப் பொருட்படுத்தாதவர் என்றால் உலோகம். கேப் பொருத்தும் நாளன்று ஒன்றைக் கவனியுங்கள். பற்களுக்கிடையே நீலத்தாள் ஒன்றை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். அழுத்தம் மிகுந்த இடத்தில் கருநீலப் புள்ளி விழும். அங்கே கருவியால் இழைப்பார்கள். இழைத்த இடத்தை மீண்டும் வழுவழுப்பாக்காமல் விட்டால், புதிதாகக் கொத்திய அம்மிபோல அது எதிர்ப்பல்லின் எனாமலைத் தேய்த்துத் தின்றுவிடும். 'பாலிஷ் போட்டுவிட்டீர்களா?' என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். பல்லைக் கடிப்பதால் வரும் தேய்மானத்தைத் தடுக்க இரவில் பற்களின் மேல் அணியும் உறையான நைட் கார்டையும், கேப் பொருத்தியபின் புதிதாக அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மேல் முன்பல்லில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட கேப்பின் ஓரத்தில், ஈறை ஒட்டிச் சாம்பல் நிறக் கோடு தெரிகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. மாற்றிவிடலாமா?

பதில்: முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். அது அழுக்கல்ல, ஈறு சற்றே மேலேறியதால் வெளிப்பட்டிருக்கும் உலோக விளிம்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அழுத்தித் தேய்க்கத் தேய்க்க ஈறு இன்னும் ஏறும். விளிம்பில் சொத்தை இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லி, சிரிக்கும்போதும் கோடு தெரியவில்லை என்றால், விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. பழைய கேப்பை வெட்டியெடுத்துப் புதியது போடும் ஒவ்வொரு முறையும் பல் இன்னும் கொஞ்சம் தேயும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், உள்ளே உலோகத் தகடு இல்லாத, லித்தியம் டைசிலிகேட் என்னும் கண்ணாடி போன்ற பீங்கான் வகையைக் கேட்டுப் பாருங்கள். ஒளி ஊடுருவும் தன்மையால் முன்பல்லுக்கு அது அழகாகப் பொருந்தும். ஆனால் அந்த அழகே சில நேரம் பாதகமாகவும் முடியும்: உள்ளே இருக்கும் பல் கறுத்திருந்தாலோ, உலோகக் கம்பி வைத்திருந்தாலோ, அதன் நிழல் வெளியே தெரியும். அத்தகைய பல்லுக்கு ஒளி ஊடுருவாத அடித்தளம் கொண்ட கேப்தான் பொருந்தும். ஆகவே பழைய கேப்பைக் கழற்றி, அடிப்பல்லின் நிறத்தைப் பார்த்த பிறகே வகையை முடிவு செய்யச் சொல்லுங்கள்.

நிறம் பொருத்துவதைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே, பக்கத்துப் பற்கள் எச்சில் ஈரத்தோடு இருக்கும்போது செய்ய வேண்டும். நெடுநேரம் வாயைத் திறந்து காய்ந்த பல் இயல்பைவிட வெளுத்துத் தெரியும். உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒட்டுவதற்கு முன் பொருத்திக் காட்டும்போது மனதில் பட்டதைச் சொல்லிவிடுங்கள். ஒட்டியபின் நிறத்தை மாற்ற முடியாது.

கேள்வி: ஏழு வயது மகளின் பால்பல்லுக்கு வெள்ளி நிறக் கேப் போடலாம் என்கிறார்கள். விழப்போகும் பல்லுக்கு இது தேவையா?

பதில்: தேவைதான். கடைவாய்ப் பால்பற்கள் பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள்தான் விழும். அதுவரை மெல்லவும், அடியில் முளைக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கவும் அந்தப் பல் இருந்தாக வேண்டும். அது வெள்ளியல்ல, துருப்பிடிக்காத எஃகு. பல அளவுகளில் ஆயத்தமாகவே கிடைப்பதால் பெரும்பாலும் ஒரே அமர்வில் பொருத்திவிடலாம். நேரம் வரும்போது பல்லோடு சேர்ந்து அதுவும் விழுந்துவிடும். தனியாகக் கழற்ற வேண்டியதில்லை.