அம்மாவைச் சாகடிக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

இருபது நிமிடக் குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். குடியாத்தத்தில் குழித்தறியில் லுங்கி நெய்யும் அப்பா. தறியில் உட்கார மறுத்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் மகன். அம்மா உயிரோடு இல்லை. கடைசியில் இருவரும் ஏழு பக்கம் மனம்விட்டுப் பேசி அழுகிறார்கள், மகன் ரயிலேறுகிறான். அந்த ஏழு பக்கம்தான் போரடிக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். எனக்கோ அதுதான் படத்தின் உயிர். எதை வெட்ட?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. "என்னைக்காவது அன்பா பேசியிருக்கீங்களா?" என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்க முடிகிற பிள்ளைக்கு அப்பாவோடு அப்படியென்ன மனத்தாங்கல் இருந்துவிட முடியும்? பேச்சு நின்றுபோன வீட்டில் எல்லாமே அம்மா வழியாகத்தான் போய்வரும். "அவன் துன்னானான்னு கேளு." "நாளைக்கு நைட் ஷிப்டுன்னு சொல்லு." இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். அந்த அம்மாவை மாலை போட்ட படமாக்கிவிட்டீர்கள். பரிதாபம் கிடைத்தது, தூதுக்கு ஆள் இல்லாமல் போச்சு. அவளை உயிரோடு கொண்டுவந்து, கடைசிக் காட்சிக்கு மட்டும் பேர்ணாம்பட்டுக்குத் தங்கை வீட்டுக்கு அனுப்புங்கள். சொல்லை எடுத்துப்போக ஆளில்லாத வீட்டில் நாலு வரியே அதிகம்.

பேச்சு தறியடியிலேயே நடக்கட்டும். குழித்தறியில் நெய்கிறவருக்குக் கால் குழிக்குள், உட்காருவது தரைமட்டத்தில். நிற்கிற மகனின் முகம் அவர் கண்ணில் படாது. நிமிராமலிருக்க, குறுக்கே ஓடும் நாடாவும் துணியும் நல்ல சாக்கு. கேமராவை இரண்டரை அடி உயரத்தில் வையுங்கள். மகன் உட்காரும்வரை ஃபிரேமில் அவன் தலை இருக்காது. நடுவில் ஒரு பாவு இழை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், அறட்டும். முடிபோடாமல் விட்டால் துணியில் நீளத்துக்குக் கோடு விழும் என்பதால் தறியை நிறுத்தியே ஆகவேண்டும். அப்பாவுக்குக் கண் மங்கல், இழை கைக்குச் சிக்கவில்லை. தறியே வேண்டாமென்றவன் உட்கார்ந்து, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும் சீப்புபோன்ற அச்சிலும் கோத்து முடிபோடுகிறான். உங்கள் ஏழில் ஐந்து பக்கம் இதிலேயே கழிந்துவிடும். (பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கைத் தமிழில் நம்பாதீர்கள். வாய்விட்டுப் படித்து, கடிகாரம் பாருங்கள்.)

தறி ஓட ஓட வசனத்தைப் பதிவு செய்தால் ஒன்றும் தேறாது. தறியை நிறுத்தி வசனம் எடுங்கள், தறிச் சத்தத்தைத் தனியாக இரண்டு நிமிடம் எடுத்து வசனத்துக்கு அடியில் சேர்த்துவிடுங்கள். எல்லாரும் கோட்டைவிடுவது இங்கேதான்: சத்தமில்லாத அறையில் நடிகர்கள் குரலை இறக்கிவிடுவார்கள், பிறகு தறிச் சத்தம் சேர்ந்ததும் பொய்யாகத் தெரியும். தறியை மீறிக் கத்துவதுபோலவே பேசச் சொல்லுங்கள். இழை அறுந்து தறி நிற்கும்போது மகனின் பாதி வாக்கியம் அந்தக் கத்தலோடேயே அறையில் விழும். அவனுக்கே கூச்சமாகிவிடும்.

உங்கள் மகன் ஒரு வரியில் 'நைனா' என்கிறான், அடுத்த வரியில் 'அப்பா' என்கிறான். குடியாத்தத்தில் இரண்டு விதமான வீடும் உண்டு, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதேபோல 'நீங்க' வேண்டாம். வட ஆர்க்காட்டில் அப்பனை 'நீ' என்று கூப்பிடுகிற பிள்ளைகள் ஏராளம். கடைசிச் சண்டையில் ஒரே ஒரு இடத்தில் 'நீங்க' என்று மாறட்டும். அது வலிக்கும்.

ரயில்? ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, சில கிலோமீட்டர் போகவேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல்லில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லாத வண்டி அது. மகன் கை பின்னால் கேரியரிலா, அப்பா தோளிலா என்பதை எழுதும்போதே தீர்மானித்துவிடுங்கள். நடிகரிடம் விட்டால் தோளில்தான் வைப்பார்.