பால்மா இல்லாத நாட்களில் கைக்குழந்தைக்கும் மூத்த பிள்ளைக்கும் என்ன கொடுப்பது?

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு தாய், நாடு பொருளாதார நெருக்கடியில் இருந்த 2022 ஆனி மாதத்தில் எழுதிய கடிதத்தின் சாரம் இது: "மகனுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். கணவருக்கு மேசன் வேலை. சீமெந்து விலை ஏறிய பிறகு வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தாலே பெரிது. நான் ஒருவேளைதான் வயிறாரச் சாப்பிடுகிறேன். பால் குறைந்துவிட்டது போலிருக்கிறது; மார்பு முன்போலக் கட்டுவதில்லை, பிள்ளையும் அடிக்கடி அழுகிறான். பால்மாவைத் தண்ணீராகக் கரைத்து இரண்டு போத்தல் கொடுத்துப் பார் என்கிறார் மாமி. மூத்தவளுக்கு இரண்டரை வயது, மூன்று வேளையும் போத்தலில் பால் குடித்துப் பழகியவள். கடையில் பால்மா வந்தாலும் வேறு சாமான் வாங்கினால்தான் தருகிறார்கள். கேஸும் இல்லை, விறகில் சமைக்கிறேன். என்ன செய்வது?"

மகனைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவனுக்குப் பால்மா வேண்டாம், கெட்டியாகவும் வேண்டாம், தண்ணீராகவும் வேண்டாம். அதற்கென்று வீட்டில் எடுத்து வைத்திருக்கும் காசு எவ்வளவு சிறிதாயிருந்தாலும் அது உங்கள் தட்டில் சோறும் பருப்பும் மீனுமாக வந்து சேரட்டும். மாமி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஆலோசனையை நடைமுறைப்படுத்தினால் பால் உண்மையாகவே குறையும்.

தாய் சாப்பிடும் அளவுக்கேற்பப் பால் ஊறுவதாகவே நம்மில் பலர் நினைக்கிறோம். பிள்ளை உறிஞ்சும் அளவுக்கேற்பத்தான் அது ஊறுகிறது. உறிஞ்சும்போது மார்க்காம்பிலிருந்து மூளைக்குப் போகும் செய்தி, பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின், அதை வெளியே தள்ளும் ஒக்சிடோசின் ஆகிய இரண்டு ஓமோன்களையும் எழுப்புகிறது. மார்பு காலியாகக் காலியாக அடுத்த பால் விரைவாக ஊறுகிறது, நிறைந்து நின்றால் ஊறுவது தானாகவே மந்தமாகிறது. போத்தலில் ஒரு வேளை கொடுத்தால் மார்பில் ஒரு வேளை குறையும், அடுத்த நாள் அந்த ஒரு வேளைக்கான பால் ஊறாது, அதைக் கண்டு இன்னொரு போத்தல் சேரும். "பால் வற்றிவிட்டது" என்று கிளினிக்குக்கு வந்த தாய்மாரிடம் நிதானமாகக் கேட்டுப் பார்த்தால் கதை பெரும்பாலும் அந்த முதல் போத்தலில்தான் தொடங்கியிருக்கும்.

மெலிந்த தாய்மாரும் பிள்ளைக்குப் போதுமான பாலைக் கொடுக்கிறார்கள். பல நாள் பட்டினி கிடந்து உடல் மிகவும் நலிந்தால்தான் பாலின் அளவு குறையும். அதற்காக நீங்கள் ஒருவேளை உணவோடு இருப்பது சரியாகிவிடாது. பிள்ளைக்குப் போகும் சக்தி உங்கள் உடலிலிருந்துதான் போகிறது. தாயின் உணவில் இல்லாத உயிர்ச்சத்து ஏ, பி1, பி12, அயடீன் போன்றவை பாலிலும் குறைகின்றன. பாலூட்டும் தாய்க்கு வழமையைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக வேண்டும். அதாவது ஒரு கோப்பைச் சோறு, ஒரு அகப்பை பருப்பு, ஒரு முட்டை அல்லது கைப்பிடி நெத்தலி, கொஞ்சம் தேங்காய்ப்பால். பால்சுறா கிடைத்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் பால் சுரக்காது என்று பயப்படாதீர்கள்; வேலியோரத்து முருங்கையிலையையும் குளத்து மீனையும் அதைவிடக் குறைவாக எடைபோட வேண்டியதில்லை. சட்டியில் இருப்பதைப் பங்கிடும்போது பாலூட்டுபவளுக்கு முதலில் போட வேண்டும் என்பதை உங்கள் கணவருக்கும் மாமிக்கும் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இனி, பால் குறைந்துவிட்டது என்று நீங்கள் எண்ணுவதற்கான காரணங்களைப் பார்ப்போம். மார்பு கட்டாமல் மென்மையாக இருப்பது நான்காம் மாதத்தில் இயல்பே, தேவைக்கேற்ப ஊறப் பழகிவிட்டதன் அடையாளம் அது. அழுகையும் பசிக்கு மட்டும் வருவதன்று. இந்த வயதில் பிள்ளை ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைத் திருப்பிப் பாதியில் விட்டுவிடும், பிறகு சிணுங்கும். நம்பக்கூடிய அளவுகோல்கள் இரண்டு: இருபத்து நான்கு மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் வெளிர்ந்த நிறத்தில் சிறுநீர் போகிறானா என்பதும், சுகாதாரப் பதிவேட்டில் அவனுடைய நிறைக்கோடு மேல்நோக்கிப் போகிறதா என்பதும். குடும்பநல உத்தியோகத்தர் பெட்ரோல் இல்லாமல் வீட்டுக்கு வர முடியாதிருந்தால் அவர் வருகைக்குக் காத்திராமல், நடக்கும் தூரத்தில் எந்தக் கிளினிக் இருக்கிறதோ அங்கே ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

அடுத்த மூன்று நாட்களுக்கு வீட்டு வேலையில் பாதியை வேறு யாரிடமாவது விட்டுவிட்டுப் பிள்ளையை உங்களோடு ஒட்டியே வைத்திருங்கள். இரவும் பகலுமாக எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, ஒரு பக்கத்தை முழுக்கக் குடித்த பிறகு மறுபக்கம் என்று கொடுங்கள். இரவுப் பாலை நிறுத்தாதீர்கள், புரோலாக்டின் இரவில்தான் அதிகம். வாய் அகலத் திறந்து காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியையும் கவ்வியிருக்கிறானா, முகவாய் மார்பில் தொடுகிறதா என்று பாருங்கள். கவலையும் களைப்பும் பால் இறங்குவதைச் சற்றுத் தாமதிக்கச் செய்யுமே தவிரப் பாலை வற்றச் செய்யாது. நாலு நிமிடம் முதுகைத் தடவிக்கொடுக்க ஒருவர் இருந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். மாமிக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

முழு ஆடைப் பால்மாவும் குழந்தைகளுக்கான மாவும் வேறு வேறு பொருள்கள் என்பது இந்தத் தட்டுப்பாட்டில் பலருக்கு மறந்துபோயிற்று. பசுப்பாலில் புரதமும் சோடியமும் தாய்ப்பாலைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நான்கு மாதச் சிறுநீரகம் அதைத் தாங்காது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு, குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவையும் அது உண்டாக்கும். தண்ணீராகக் கரைத்தால் சிறுநீரகத்தின் சுமை குறையும், ஆனால் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய சக்தியும் பாதியாகிவிடும். வயிறு நிறையும், உடம்பு வளராது. கஞ்சித் தெளிவுக்கும் சீனிபோட்ட பிளேன்டீக்கும் இதே கதைதான், தேநீர் இருக்கும் இரும்புச்சத்தையும் உறிஞ்சவிடாது.

குழந்தை மாவின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆறு கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 900 மில்லிலீற்றர் பால் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 130 கிராம் மா போகும். 400 கிராம் பெட்டி மூன்று நாளில் தீரும், மாதத்துக்குப் பத்துப் பெட்டி. சாதாரணப் பால்மாவே 2021 மார்கழியில் 400 கிராம் 540 ரூபாயாயிருந்து 2022 பங்குனியில் 790 ரூபாயாகிவிட்ட நாட்டில், பத்தாவது பெட்டியை யாரால் உறுதியாக வாங்க முடியும்?

தாயை இழந்த பிள்ளைகளுக்கும், மருத்துவக் காரணத்தால் தாய்ப்பால் பெற முடியாத பிள்ளைகளுக்கும் மா வேண்டும். அதில் யாரும் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. ஆனால் அந்த மா கிருமியற்றதன்று. கொதித்த நீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல், குறைந்தது 70 பாகை வெப்பத்தில் கரைத்துப் பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் குடிக்காததைக் கொட்டிவிட வேண்டும். விறகடுப்பில் இதை நாளுக்கு ஆறு தடவை செய்வது என்னவென்று செய்தவர்களுக்குத் தெரியும். போத்தலை ஒழுங்காகக் கொதிக்கவைக்க வழியில்லையென்றால் சிறு கோப்பையால் பருக்குங்கள், கழுவுவது எளிது. தாய்ப்பாலை நிறுத்திச் சில வாரங்களே ஆனவர்கள் மீண்டும் ஊட்டத் தொடங்கலாம் என்பதையும் கிளினிக்கில் கேட்டறியுங்கள்.

வெளிநாட்டு உறவினர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. சுவிசிலிருந்தும் கனடாவிலிருந்தும் மாப் பெட்டிகள் அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நலன்புரி நிலையங்களில், யாராலும் வாசிக்க முடியாத மொழியில் அளவு எழுதிய பெட்டிகளை, நல்ல நீரில்லாத இடத்தில், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்களின் கையிலும் திணித்ததைப் பார்த்தவன் நான். 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு, நன்கொடை மா கிடைத்த பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு வயிற்றோட்டம் கண்டது; கிடைக்காதவர்களில் அதில் பாதிக்கும் குறைவு. பணமாக அனுப்புங்கள், முட்டை வாங்கட்டும். இலங்கையில் குழந்தை மாவின் இலவச மாதிரிகளையும் விளம்பரத்தையும் தடுக்கும் விதிக்கோவை 1983 முதல் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். அந்தப் பழக்கத்தை ஒரு நெருக்கடியில் தொலைத்துவிட்டால் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

மூத்தவளின் விஷயம் நீங்கள் நினைப்பதைவிட எளிது. இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பால்மா அத்தியாவசியமன்று. மூன்று போத்தல் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் பசியிருக்காது, இரத்தசோகையும் எளிதில் வரும். முதலில் பகல் போத்தலை நிறுத்துங்கள், பிறகு இரவுப் போத்தலை; நாலைந்து நாள் அழுவாள், பிறகு சட்டியைத் தேடி வருவாள். படுவான்கரையில் இருக்கும் உங்களுக்குப் பட்டிப் பாலும் தயிரும் பெரும்பாலும் எட்டும் தூரத்தில்தான். காய்ச்சிய பசும்பால் ஒரு கோப்பை அல்லது தயிர் போதும். ஒரு பால்மாப் பெட்டியின் விலைக்கு உங்கள் சந்தையில் எத்தனை முட்டை, எவ்வளவு நெத்தலி, எவ்வளவு பயறு வரும் என்று கேட்டுப் பாருங்கள்.

பயறையும் கௌபியையும் இரவே ஊறவைத்தால் விறகு பாதி மிச்சம். சோறு வெந்துகொண்டிருக்கும்போதே அதில் பருப்பையும் பூசணித் துண்டையும் போட்டுவிடுங்கள். இறக்கும் நேரத்தில் ஆய்ந்த முருங்கையிலை, பொடித்த நெத்தலி, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத கெட்டியாக இருக்க வேண்டும், ஓடும் கஞ்சியில் தண்ணீர்தான் அதிகம். உங்கள் மகனுக்கும் ஆறு மாதம் முடிந்த அன்றிலிருந்து இதே சட்டியிலிருந்து உப்புச் சேர்க்குமுன் எடுத்து மசித்து, நாளுக்கு இரண்டு தடவை இரண்டு மூன்று தேக்கரண்டியில் தொடங்கலாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிள்ளைக்கு வைத்திருக்க வேண்டாம்.

சோளமும் சோயாவும் கலந்த அரச ஊட்டமாவான திரிபோஷா கிடைத்தால் அது உங்களுக்கான பங்கு: பாலூட்டும் தாய்மாருக்கு முதல் ஆறு மாதத்துக்கு அதைக் கொடுப்பது நடைமுறை. 2022இல் சோளத் தட்டுப்பாட்டால் விநியோகம் தடைப்பட்டிருந்தது. பெயரைப் பதிந்துவைத்துக் கேட்டுக்கொண்டே இருங்கள். மகனுக்கு அதை இப்போது ஊட்டக்கூடாது.

மகன் பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் எழாமல் சோர்ந்து கிடந்தால், மூச்சு வேகமானால், வலிப்பு வந்தால், வயிற்றோட்டத்தோடு கண்கள் உள்ளே போனால், காய்ச்சல் கண்டால் வாகனத்துக்கு எரிபொருள் தேடி நேரத்தைக் கழிக்காமல் 1990 சுவசெரிய இலவச அம்பியுலன்ஸை அழையுங்கள். மூத்தவளின் மேற்கை நடுப்பகுதியின் சுற்றளவையும் அடுத்த கிளினிக்கில் அளக்கச் சொல்லுங்கள், 12.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் மேலதிக ஊட்ட உணவும், 11.5க்குக் குறைந்தால் உடனடி மருத்துவச் சிகிச்சையும் தேவை.